ஒன்பதாம் பக்கம்

கூடப் படித்தவன் தாசில்தார் ஆனபோது எனக்குப் பொறாமை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கட்டி, அந்த மாடியில் நின்று என் வீட்டு ஓட்டை எட்டிப் பார்த்தபோதும் வரவில்லை. என் வாழ்க்கையில் வயிறு எரிய நான் பொறாமைப்பட்டது பதினொரு தாள்களைப் பார்த்துத்தான். அதை எழுதியவர் விஞ்ஞானி இல்லை. செந்துறையில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அரியலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்கு லோயர், ஹையர் வகுப்பு. நடுவில் மனு அடிப்பது, பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைக் கேள்வித்தாள் உருட்டிக் கொடுப்பது. உருட்டுவது என்றால், மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுத்தை அடித்து, அதை சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிப் பிரதி எடுப்பது. எங்கள் ஊரில் அந்த மெஷினை மை சிந்தாமல் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு சில விஷயங்களிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒன்று ரேடியோ. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டயோடு, ஒரு காயில், ஒரு டார்ச் செல். இவற்றை வைத்துத் திருச்சி நிலையத்தைக் காதில் கேட்கிற மாதிரி ஒரு சின்ன செட் செய்யக் கற்றிருந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் பத்திரிகைகளை அகராதியோடு படித்து, மூன்று டிரான்சிஸ்டரைக் கருக்கி, இரண்டு வருஷம் பாடுபட்டுக் கற்றது. அதன் சர்க்யூட் படத்தை நானே ஸ்டென்சிலில் கீறி, ஒரே தாளாக உருட்டி, கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். மேலே படம், கீழே சாமான் பட்டியல், அதற்கும் கீழே ஆறு வரி விளக்கம். கடைசியில் ஒரு குறிப்பு: 'இதை யாரும் பிரதி எடுக்கலாம். மாற்றலாம். மாற்றினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பவும்.'

அந்தக் கடைசி வரியில் எனக்குத் தனிப் பெருமை. பெரிய மனசுக்காரன் என்று நாலு பேர் சொல்வார்கள் என்று எழுதியது. யாராவது நிஜமாகவே மாற்றுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தாளை வாங்கிப் போனவர்களில் பத்துக்கு ஒருவர் செட் செய்து முடித்திருப்பார். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து, 'சார், சத்தமே வரல' என்று நிற்பார்கள். அவர்கள் கொண்டுவந்ததை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, ஒரு கம்பியை மாற்றிவைத்து, 'இப்ப கேளுங்க' என்பேன். அவர்கள் முகம் மலரும். 'ரேடியோ சார்' என்று எனக்குப் பெயர். உண்மையைச் சொல்கிறேன், தாள் புரியாமல் அவர்கள் என்னிடம் வந்தது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

டீச்சர் முதன்முதலில் வந்தது டிரான்ஸ்பர் மனு அடிக்க. நான் அடித்து முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், மேஜை மேல் இருந்த செட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். காதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்போது ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரம் முழுவதையும் கண்ணை அகல விரித்துக் கேட்டார். போகும்போது மனுவோடு என் தாளையும் வாங்கிக்கொண்டு போனார். தையல் டீச்சர்தானே, பொட்டலம் கட்டத்தான் ஆகும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தார். கையில் கோடு போட்ட தாள்கள், ஓரத்தில் நூல் கோத்துத் தைத்திருந்தது.

"மாத்தினா ஒரு பிரதி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீங்களே சார். தபால்ல போட மனசு வரல, நேரா கொண்டாந்துட்டேன்."

பதினொரு பக்கம். என் படம் அப்படியே இருந்தது. ஆனால் அது வந்தது பத்தாம் பக்கத்தில். அதற்கு முன்னால் ஒன்பது பக்கம் எழுத்து. முதல் பக்கத்தில் ஒவ்வொரு சாமானும் எப்படி இருக்கும், கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் காயில்: 'டார்ச் செல்லின் மேல் அட்டையைச் சுற்றி ஒட்டவும். காய்ந்ததும் செல்லை உருவிவிடவும். அட்டைக் குழாய் கிடைக்கும். கம்பியைப் பாவாடை நாடா கோப்பது போல் இழுக்காமல், நெருக்கமாகச் சுற்றவும்.' மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'கம்பியின் மேல் பூச்சு உண்டு. கண்ணுக்குத் தெரியாது. முனையைப் பிளேடால் சுரண்டாவிட்டால் எதுவும் நடக்காது.'

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து நின்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பூச்சைச் சுரண்டாதவர்கள். நான் ஓசைப்படாமல் சுரண்டி மாட்டிக் கொடுத்துத்தான் இத்தனை நாள் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எழுதணுமா டீச்சர்? பிளேடால சுரண்டுங்கறதுக்கு ஒரு பக்கமா?"

"இதப் பாத்து செட் செய்யறப்ப எங்க நாத்தனார் அந்த எடத்துலதான் சார் ரெண்டு நாள் நின்னுச்சு."

ஒன்பதாம் பக்கத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். என் படத்தின் அடியில் எர்த்துக்கு, அதாவது மண்ணில் நடும் கம்பிக்கு, மூன்று சின்னக் கோடு போட்டிருந்தேன், அவ்வளவுதான். டீச்சர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். 'இரும்புக் கம்பியை நட்ட மண் காய்ந்திருந்தால் ரேடியோ பேசாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நடவும். அப்படி இடம் இல்லாவிட்டால் இரண்டு கை உப்பைப் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றவும். கால் மணி நேரம் பொறுக்கவும். வெயில் காலத்தில் தினமும் ஊற்றவும்.'

"ரேடியோவுக்குத் தண்ணி ஊத்தச் சொல்றீங்க. அப்புறம் எரு போடணுமா?" என்றேன்.

டீச்சரும் சிரித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். நாத்தனார் செய்த செட் நாலு நாள் ஊமையாகக் கிடந்ததாம். வாசலில் நட்ட கம்பி காலில் தட்டுகிறது என்று யாரோ அதைப் பிடுங்கிப் பின்பக்கம் கழுவுகிற இடத்தில் நட்டார்களாம். உடனே பேசியதாம். ஏன் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ஆனால் மறுபடி வாசலில் நட்டுப் பார்த்து, ஊமையாவதைக் கேட்டு, தண்ணீர் ஊற்றிப் பேச வைத்து, அப்புறம்தான் எழுதினாராம்.

என் எர்த் கம்பி இன்ஸ்டிடியூட்டுக்குப் பின்னால் கிணற்றடித் துவைகல் ஓரத்தில் நட்டிருந்தது. வருஷம் பூராவும் ஈரம். அதனால்தான் என் செட் பேசியது என்பது டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள மனசு வருமா? "எனக்குத் தெரிஞ்சதுதான். சொல்லாமலே தெரியும்னு விட்டேன்" என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஊட்டிவிட்டால் பசி தெரியாது. தடுமாறிக் கற்றவனுக்குத்தான் அது கையில் நிற்கும். நான் பட்ட பாட்டில் கால்வாசியாவது மற்றவர்களும் படட்டும். கடைசி வாதம்தான் உண்மையானது என்று எனக்கே தெரியும். இரண்டு வருஷம் இருட்டில் துழாவியவன் நான். ஒரு அம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஊரே ஒரே நாளில் அதே இடத்துக்கு நடந்து வந்தால் என் இரண்டு வருஷத்துக்கு என்ன மரியாதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கூப்பிட்டு செந்துறையில் அவர் வீட்டுக்குப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். அன்று பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் முதல்முறையாக செட் செய்ய உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது வரை படித்தவர். கூடத்தில் பாய் விரித்து, சாமான்களைத் தட்டில் பரப்பி, பதினொரு பக்கத்தையும் மடியில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே செய்தார். டீச்சர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. கையில் ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும்.

அந்த அம்மாள் டயோடை எடுத்தார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு முனையில் வளையம் இருக்கும், அது எந்தப் பக்கம் என்பது முக்கியம். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். எனக்கு நாக்கு அரித்தது. "அந்த வளையத்த..." என்று ஆரம்பித்தேன். டீச்சர் சட்டென்று கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அந்த அம்மாள் பிறகு தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வளையத்தைக் கண்டு, சரியாக மாட்டினார். டீச்சர் நோட்டில் ஏதோ எழுதினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே டீச்சர்" என்றேன் பிறகு.

"நான் சொன்னா இவங்களுக்கு முடிஞ்சிரும் சார். அடுத்தவங்க வூட்டுல நான் இருக்க மாட்டேன்ல? கை எங்க நிக்குதோ அங்க தாள்ல ஒரு வரி கொறையுதுன்னு அர்த்தம். வளையத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கணும்னு நான் எழுதல. பாவாட தைக்கறதுக்கும் இப்புடித்தான் நோட்டு எழுதுவேன்."

மத்தியானம் மூன்று மணிக்குள் செட் பேசியது. அந்த அம்மாள் காதில் வைத்தவர் எழுந்து நின்றுவிட்டார். யாரையும் பார்க்காமல், "நானா செஞ்சேன்? நானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னிடம் செட் கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. அவர்கள் 'சார் பேச வச்சுட்டாரு' என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வயிற்றெரிச்சலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு இன்ஸ்டிடியூட்டுக்கு வருகிறவர்கள், "அந்தப் பெரிய தாள் இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டதால் நான்தான் அதை ஸ்டென்சில் வெட்டி உருட்டினேன். என் ஒற்றைத் தாள் அலமாரியில் தூசி தின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெலிந்து, ஒருநாள் இஸ்திரிச் சட்டையோடு நான் தனியாக உட்கார்ந்து தினசரி படித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நடுவில் ஒரே ஒரு சந்தோஷம். கல்லங்குறிச்சியிலிருந்து ஒருவர் வந்தார். கடையில் வேறு மாதிரி டிரான்சிஸ்டர் கொடுத்துவிட்டார்களாம், மூன்று காலும் இடம் மாறியிருந்தது. பெரிய தாளில் உள்ளபடியே மாட்டிவிட்டு விழித்துக்கொண்டு நின்றார். படம் பார்க்கத் தெரிந்திருந்தால் தானே சரிசெய்திருப்பார். 'வரிக்கு வரி ஊட்டினால் இப்படித்தான்' என்று எனக்குக் குதூகலம். அடுத்த முறை டீச்சர் வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன்.

அவர் வருத்தப்படவே இல்லை. "அது நெசந்தான் சார். என் தாளு மொத செட்டுக்கு மட்டுந்தான். அதுக்கு மேல வேணும்னா உங்க தாளத்தான் படிக்கணும். கடைசிப் பக்கத்துல அப்புடித்தான் எழுதியிருக்கேன், பாக்கலீங்களா?"

அடிக்கிற அவசரத்தில் நான் கவனித்துப் படித்திருக்கவில்லை. பதினோராம் பக்கத்தின் அடியில் இருந்தது: 'இப்போது உங்களால் படத்தைப் படிக்க முடியும். அரியலூர் சாரின் தாளை வாங்கிப் படிக்கவும். இந்த ரேடியோ அவருடையது.' நியாயமாக எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கோ, பந்தியில் கடைசி வரிசையில் இலை போட்டு உபசரித்த மாதிரி இருந்தது.

அந்தக் கோடையில்தான் பெரம்பலூரிலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்தார். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் இருபது பேரைக் கூட்டி, ஒரே நாளில் ஆளுக்கொரு ரேடியோ செய்யவைக்கப் போகிறாராம். அவர்கள் ஜூனில் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். புரட்ட மறுபக்கம் ஒன்றும் இல்லை.

"இது இல்லீங்க. செந்துறை டீச்சரோடது. நான் இன்னும் பாக்கல, நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன். அம்பது காப்பி வேணும். அந்தம்மாவையும் வரச் சொன்னேன். 'நான் வந்தா தாளு சரியா இருக்கான்னு தெரியாது, வேணாம்'னுட்டாங்க. நீங்களாவது காப்பிய எடுத்துக்கிட்டு வந்து கூட இருங்க சார்."

எடுபிடி வேலைக்கு என்னைக் கூப்பிடுவதாகத்தான் எனக்குப் பட்டது.

பழைய ஸ்டென்சில்கள் நைந்துபோயிருந்தன. புதிதாகப் பதினொன்றும் அடிக்க வேண்டும். எட்டுப் பக்கம் ஒழுங்காக அடித்தேன். ஒன்பதாம் பக்கம் வந்தது. உப்பு, குடம், தண்ணீர். அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தேன். பிறகு அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். அடுத்ததாக என் படம் உள்ள பக்கத்தை எடுத்தேன். அதற்கு ஒன்பது என்று எண் போட்டேன். கடைசிப் பக்கத்துக்குப் பத்து.

கை தவறியது என்று சொல்லமாட்டேன். பேப்பர் போதவில்லை என்றும் சொல்லமாட்டேன். எண்ணை மாற்றிப் போட்டவனுக்கு அதெல்லாம் சொல்ல வாயில்லை. இருபது பேர் முன்னால் அந்தத் தாள் தோற்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பார்த்தேன். பெரம்பலூரில் அன்று அனல். பள்ளி மைதானம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆசிரியர்கள் வகுப்பறை வராந்தாவில் உட்கார்ந்து காலையிலிருந்து காயில் சுற்றினார்கள், சுரண்டினார்கள், மாட்டினார்கள். எல்லாம் நேர்த்தியாக இருந்தது, அதுவே எனக்குக் கடுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தில் ஏரியல் கட்டி, வெடித்த மண்ணில் கம்பிகளை அடித்து இறக்கினார்கள். ஒவ்வொருவராகக் காதில் வைத்தார்கள். ஒரு செட்டும் பேசவில்லை.

திரும்பத் தாளைப் படித்தார்கள். பிரித்து மாட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேப்பந்தட்டையிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா, எல்லாரிலும் அழகாகக் காயில் சுற்றியவர், மூன்று முறை பிரித்து மூன்று முறை மாட்டினார். பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். நான் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் எல்லாரும் தவிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கடைசியில் தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். "என்ன சார் இது, ஒன்னுகூடப் பேச மாட்டேங்குது?"

நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். சத்துணவுக் கூடத்திலிருந்து உப்பு கொண்டுவரச் சொன்னேன். பள்ளிக்கூட அடிபம்பில் நானே ஒரு குடம் அடித்துத் தூக்கி வந்து, ஒரு கம்பியின் அடியில் உப்பைப் போட்டு ஊற்றினேன். எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கால் மணி நேரம் கழித்து, "இப்ப கேளுங்க" என்றேன்.

பேசியது. பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாகப் பேசவைத்தார்கள். கை தட்டினார்கள். தலைமையாசிரியர் என் தோளில் துண்டு போர்த்தி, "பத்துப் பக்கம் எழுதியும் அந்தம்மாவுக்குத் தெரியாததை, சார் ஒத்தக் குடம் தண்ணியில முடிச்சுட்டாரு" என்றார். நான் கும்பிட்டேன். அந்த அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேனா? இல்லை. துண்டைச் சரிசெய்துகொண்டேன். அரியலூர் வரும்வரை மிதந்துகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் டீச்சர் வந்தார். எப்போதும் போல, "வேலையா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கையில் இரண்டு கடிதங்கள். ஒன்று தலைமையாசிரியருடையது. தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி மரியாதையாக எழுதியிருந்தார், உருட்டிய பிரதி ஒன்றையும் வைத்திருந்தார். இரண்டாவது வேப்பந்தட்டை டீச்சரம்மாவுடையது. தாளில் போட்டிருந்த முகவரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். டீச்சர் அதை என்னிடம் நீட்டினார்.

நாலே வரி. வீட்டிலும் செய்து பார்த்தாராம், பேசவில்லையாம். சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் செய்ததாகவும், இதெல்லாம் தனக்கு வராது என்று புரிந்துவிட்டதாகவும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேறு யாரையாவது பார்க்கச் சொல்லித் தலைமையாசிரியருக்கு எழுதிவிட்டதாகவும் இருந்தது. இவ்வளவு தெளிவாக எழுதிய தாள் தன் புத்தியில் ஏறாததற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஸ்டென்சில் ஒன்னு கிழிஞ்சு போச்சுங்களா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆமா. கிழிஞ்சு போச்சு. அவசரத்துல..."

டீச்சர் அந்தப் பிரதியைப் பிரித்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று ஒழுங்காக இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கம் கிழிந்துபோயிருந்தால் எட்டுக்குப் பிறகு எண் பத்துக்குத் தாவியிருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மடித்துப் பையில் வைத்தார்.

"நாளைக்கி வேப்பந்தட்டைக்குப் போயிட்டு வரேன். மூணு பஸ் மாறணும்" என்று எழுந்தார். "அவங்க வூட்டுல ஒரு கொடம் தண்ணி இருக்கும்ல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். தலைமையாசிரியருக்கு எழுதி என் மானத்தை வாங்கியிருக்கலாம். இரண்டையும் எதிர்பார்த்து நான் பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதினாறாம் நாள் வந்தார். வேப்பந்தட்டை டீச்சரம்மாவின் செட் பேசிவிட்டது என்றார். அந்த அம்மாள் தலைமையாசிரியருக்கு மறுபடி எழுதுவாரா என்று மட்டும் தெரியவில்லையாம். மனசு விட்டுப்போனவர்களைத் திரும்ப உட்காரவைப்பது கஷ்டம் என்றார்.

பிறகு தைத்த தாள்களை என் முன்னால் வைத்தார். எனக்கு ஆச்சரியம். உருட்ட வேறு இடமா இல்லை, திருச்சிக்குப் போயிருக்கலாமே.

"மொதப் பக்கம் மட்டும் மாத்தியிருக்கேன் சார். நீங்களே அடிச்சுக் குடுங்க."

அவர் போன பிறகு ஸ்டென்சிலை மாட்டினேன். சாமான் பட்டியலுக்கும் மேலே, முதல் வரியாக, அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது: 'இது பதினொரு பக்கம். முதலில் எண்ணிப் பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ரேடியோ பேசாவிட்டால் எங்கள் தாளில் ஏதோ குறை இருக்கிறது. எங்களுக்கு எழுதுங்கள். அது உங்கள் தப்பு இல்லை.'

'எங்கள்' என்று எழுதியிருந்தார். அதை அடித்தபோது என் விரல் இரண்டு முறை தடுமாறி, சிவப்பு மெழுகைத் தடவித் திருத்த வேண்டியதாயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தை அடிக்கும்போது பழைய எரிச்சலே மறுபடி நெஞ்சுக்குள் ஏறியது. இந்த முறை டீச்சர் மேல் இல்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கி அந்த வரியைப் படிக்கப்போகிறவர்கள் மேல். எனக்கு யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.